கீற்றோவில் மாமிக்கு ஒரு கதிரை

தென் அமெரிக்காவில் எக்குவடோர் என்றொரு நாடு இருக்கிறது, அதன் தலைநகரத்துக்குக் கீற்றோ என்று பெயர் என்பதெல்லாம் எனக்குத் தெரியவந்தது எங்கள் ஹவுன்ஸ்லோ வீட்டு பிரிட்ஜின் கதவால்தான். அந்தக் கதவில் மாமி ஒரு படத்தை ஒட்டி வைத்திருந்தார். ஞாயிறு பூசை முடிந்து வரும்போது கோயில் வாசலில் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்று அடுக்கி வைத்திருக்கும் ஆங்கிலச் சஞ்சிகையிலிருந்து வெட்டிய படம். ஒரு மலை, மலை உச்சியில் மாதா, மாதாவின் முதுகில் பறவைக்குப் போல இரண்டு செட்டை. மடு மாதா, லூர்து மாதா, பத்திமா மாதா என்று எத்தனையோ மாதாக்களைத் தெரிந்த மாமிக்கு, செட்டை முளைத்த மாதா புதிது.

"இவ எந்த இடத்து மாதா?" என்று மகனிடம் கேட்டார். அந்த மகன்தான் என் கணவர், மாமிக்குத் 'தம்பி'. இவர் படத்தின் கீழே இருந்த பொடி எழுத்தை வாசித்துவிட்டு, "கீற்றோவாம் அம்மா" என்றார்.

"கீற்றோ கிடுகோ, பஸ் போகுமோ?"

அது தொண்ணூறுகளின் தொடக்கம். மாமி யாழ்ப்பாணத்திலிருந்து எங்களிடம் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஊரில் மாமி வாய்க்குப் பேர்போனவர். மீன்காரர் அவருடைய படலையைத் தாண்டும்போது சைக்கிள் மணியைக் கையால் பொத்திக்கொண்டு போவார் என்று இவரே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர் ஹவுன்ஸ்லோவுக்கு வந்து, முன்கதவைத் தாண்டினால் ஊமை. கடையில் சாமானை வைத்துவிட்டுக் கைப்பையை அப்படியே நீட்டுவார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வெயிலைப் பற்றியோ மழையைப் பற்றியோ ஏதாவது சொன்னால், பல் தெரியச் சிரித்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, "ஊமை கண்ட கனவாப் போச்சு என்ரை சீவியம்" என்பார்.

அந்த வருடம் ஊருக்கே திரும்பிப் போவது என்று முடிவெடுத்துவிட்டார். அங்கே சண்டை, செல் குண்டு விழுந்துகொண்டிருந்தது. இவர் அழாக்குறையாகக் கெஞ்சினார்.

"அங்கை செல் விழுந்தால் 'ஐயோ' எண்டு கத்தலாம். 'என்னணை' எண்டு நாலு சனம் ஓடிவரும். இஞ்சை விழுந்தால் இங்கிலிசிலை எல்லோ விழவேணும்? அது என்னாலை ஏலாது" என்றார் மாமி. "அந்தச் செட்டை மாதாவை ஒருக்காக் கண்டு, வழித்துணைக்கு வா எண்டு கேட்டிட்டு, நான் போறன்."

மாமியும் நானும் கீரியும் பாம்பும் என்று இவர் நினைத்துக்கொண்டிருந்தார். அது உண்மைதான். ஆனால் இவர் வேலைக்குப் போன பிறகு அந்த வீட்டில் கீரிக்குப் பாம்பையும் பாம்புக்குக் கீரியையும் விட்டால் வேறு யார் இருந்தார்கள்? உப்புக் கூட, புளி குறைய, சோறு குழைய என்று குற்றம் சொல்ல ஆளில்லாத குசினியில் நான் யாரோடு மல்லுக்கட்டுவது? மாமி போகக்கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஆனால் அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாய்க்கு வாய் சண்டை பிடிப்பவரிடம் போய் 'நில்லுங்கோ மாமி' என்று கெஞ்சினால் என் மரியாதை என்ன ஆவது?

இவர் விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை செய்தார். வேலை செய்பவர்களின் மனைவிக்கும் தாய்க்கும் தகப்பனுக்கும் விமானத்தில் இடம் மிஞ்சினால் ஏறிப் போகலாம் என்று ஒரு சலுகை இருந்தது. மிஞ்சினால்தான். மிஞ்சாவிட்டால் பெட்டியும் கையுமாக வீட்டுக்கு நடை. இன்னொரு நிபந்தனை, கண்ணியமாக உடுத்திக்கொண்டு வரவேண்டும். கண்ணியம் என்ற சொல்லைக் கேட்டதும் மாமி கூறைப்பட்டுக்கு அடுத்த பட்டை எடுத்து உடுத்தினார். மேலே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. காலில் நான் வாங்கிக் கொடுத்த வெள்ளை விளையாட்டுச் சப்பாத்து. கலியாண வீட்டுக்கும் ஓட்டப் போட்டிக்கும் ஒரே நேரத்தில் வெளிக்கிட்ட ஒருவரைப் போல இருந்தார்.

மூன்று பேரும் போவதாகத்தான் திட்டம். கடைசியில் மிஞ்சியது இரண்டு இடம். "நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ" என்று இவர் எங்களை உள்ளே தள்ளிவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கை காட்டிய முகத்தில் பயம் தெரிந்தது. விமானம் விழும் என்ற பயம் இல்லை. மாமியும் மருமகளும் தனியாகப் போகிறோமே என்ற பயம்.

மாட்ரிட்டில் விமானம் மாறிப் போனோம். கீற்றோவில் விமானம் இறங்கியதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஹவுன்ஸ்லோவில் விமானங்கள் எங்கள் கூரையை உரசிக்கொண்டு போவது பழக்கம்தான். இங்கே நாங்கள் மற்றவர்களின் கூரையை உரசிக்கொண்டு போனோம். இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஊர், ஊருக்கு நடுவில் ஓடுபாதை. கொடியில் காய்ந்த சட்டைகளின் நிறம்கூடத் தெரிந்தது. "உந்த நீலச் சட்டை நல்லாக் காயேல்லை" என்றார் மாமி.

மறுநாள் விடிந்ததிலிருந்து அடுத்த நாள் காலை விமானம் வரை, எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு பகல்.

அந்தப் பகல் தலைச்சுற்றோடு விடிந்தது. கீற்றோ மலைக்கு மேலே இருக்கும் நகரம். கடற்கரையில் பிறந்த எங்கள் இருவருக்கும் அங்கே காற்றே போதவில்லை. விடுதிப் படியில் நாலு படி இறங்கினால் ஒரு தரம் நின்று மூச்சு வாங்கவேண்டும். அந்தத் தலைச்சுற்றில் ஒரு வேடிக்கையும் இருந்தது. காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது. மாமியின் சப்பாத்தைப் பார்த்தேன், சிரித்தேன். மாமி என்னைப் பார்த்துச் சிரித்தார். கள்ளுக் குடித்தவர்கள் மாதிரி ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினோம்.

விடுதிக்காரி ஐம்பது வயது மதிக்கத்தக்க பருத்த பெண். காலைச் சாப்பாடு எங்கே என்று நான் என்னுடைய நல்ல ஆங்கிலத்தில் கேட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. மெதுவாகக் கேட்டேன், உரத்துக் கேட்டேன். அவள் கையை விரித்தாள். அப்போது மாமி, யாருக்கும் என்றில்லாமல், "ஒரு துண்டு பாண் கிடைச்சால் காணும்" என்று முணுமுணுத்தார்.

"பான்!" என்றாள் விடுதிக்காரி முகம் மலர்ந்து. உள்ளே ஓடிப்போய் ஒரு கூடை நிறையப் பாண் ரொட்டி கொண்டுவந்தாள்.

மாமி என்னைப் பார்த்தார். நான் மாமியைப் பார்த்தேன். மாமி பரீட்சை வைப்பவர் போல விரலை நீட்டி, "மேசை" என்றார்.

"மேசா!" என்றாள் அவள்.

"கோப்பை."

"கோப்பா!"

"சப்பாத்து" என்று மாமி பட்டுச் சேலையைக் கணுக்கால்வரை தூக்கிக் காட்டினார்.

"சப்பாத்தோ!" என்று அவள் கைதட்டினாள். எங்கள் கடற்கரைக்கு வந்து கோயிலையும் கட்டிச் சொற்களையும் விட்டுவிட்டுப் போனவர்கள் போர்த்துக்கீசர், அவர்களுடைய பாஷையும் இந்த ஸ்பானிய பாஷையும் அக்கா தங்கை என்பதை நான் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். மாமியிடம் சொல்லியும் பார்த்தேன். அவர் காதிலேயே வாங்கவில்லை.

"சும்மா அலட்டாதை. பாணும் மேசையும் ஆற்றை சொல்லு? எங்கடை சொல்லு. இதுகள் எங்கடை ஆக்கள்தான். வேதக்காரர் வேறை. நாக்குத்தான் கொஞ்சம் வழுக்குது."

அதற்குப் பிறகு மாமியைப் பிடிக்க முடியவில்லை. மூன்று வருடமாக அடைத்து வைத்திருந்த வாய்க்கால் உடைத்துக்கொண்ட மாதிரி ஓடியது பேச்சு. தெருக்கள் ஒடுக்கமானவை, ஏறுவதும் இறங்குவதுமாகப் போனவை. வெள்ளைச் சுவர், நீலக் கைப்பிடி போட்ட மேல்மாடங்கள், அவற்றில் சிவப்புப் பூச்சட்டிகள், எல்லாவற்றுக்கும் பின்னால் பச்சையாக ஒரு எரிமலை. நான் கையில் வரைபடத்தோடு அந்தக் கட்டடம் எது, இந்தக் கட்டடம் எது என்று தேடிக்கொண்டிருந்தேன். மாமி கட்டடம் ஒன்றையும் பார்க்கவில்லை. ஆட்களைப் பார்த்தார். சன்னலில் துவட்டும் துணியை உதறிய பெண்ணைப் பார்த்து "துவாய்!" என்றார். அவளும் மேலேயிருந்து "தோவாயா!" என்று கத்தினாள். இருவரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. எது அதிகம் என்று இப்போதும் சொல்லமாட்டேன்.

பெரிய சதுக்கத்தில் சப்பாத்து மினுக்கும் கிழவர் ஒருவர் மாமியின் வெள்ளைச் சப்பாத்தைக் காட்டி ஏதோ கேட்டார். மாமி அங்கிருந்த மர வாங்கில் உட்கார்ந்து காலை நீட்டிவிட்டார். "கறுப்புப் பூசிப்போடாதை, பிறகு நான் உன்னைச் சும்மா விடன்" என்று தமிழில் எச்சரித்தார். அவர் ஓம் என்பதுபோலத் தலையாட்டி, ஈரத் துணியால் பூப்போலத் துடைத்துவிட்டார். அந்த நேரம் முழுக்க இருவரும் கதைத்தார்கள். அவர் ஸ்பானிஷ், மாமி யாழ்ப்பாணம். மாமி தன் முழங்கால் வருத்தத்தைச் சொன்னார். அவர் தன் முதுகைப் பிடித்துக் காட்டினார். பார்க்கப்போனால் எந்தப் பாஷையிலும் வயதானவர்கள் பேசுவது இதைத்தானே!

பிறகு ஒரு கோயிலுக்குள் போனோம். உள்ளே சுவரும் தூணும் கூரையும் எல்லாம் தங்கம். அண்ணாந்து பார்த்தபோது, ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த தலை இன்னும் வேகமாகச் சுற்றியது. மாமி முழங்காலில் நின்று சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, "இவ்வளவு பவுணையும் எங்கடை கோயில் சபைக்காரர் கண்டால் இரவிலை நித்திரை கொள்ளாயினம்" என்று என் காதுக்குள் சொன்னார். நான் சிரித்த சிரிப்பில் முன் வரிசைக்காரி திரும்பி முறைத்தாள்.

மத்தியானம் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தபோதுதான் வந்தது வினை. மாமியின் முகம் வெளிறிவிட்டது. கடை நிறையச் சனம், உட்கார ஒரு நாற்காலிகூட மிச்சமில்லை. மாமி சுவரைப் பிடித்துக்கொண்டார். காலையில் கிடைத்த வெற்றியில் எனக்கு முந்திக்கொண்டு, கடைக்காரியைப் பார்த்து, "பிள்ளை, கதிரை! கதிரை!" என்றார்.

கடைக்காரி பதறிப்போனாள். "காதேரா?" என்று கேட்டு மாமியின் இடுப்புக்குக் கீழே கையை வைத்தாள்.

"ஓம், கதிரை" என்றார் மாமி, கண்ணை மூடியபடி.

அடுத்த நிமிடம் கடைக்காரி உள்ளேயிருந்து ஒரு போத்தலைக் கொண்டுவந்தாள். தைலம். மாமியைச் சுவரோடு திருப்பி, பட்டுக்கு மேலாலேயே இடுப்பெலும்பில் அரக்கத் தேய்க்கத் தொடங்கினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கரண்டியை வைத்துவிட்டு வந்து மாமியின் தோளைத் தாங்கிக்கொண்டார்கள்.

"என்னடி செய்யிறாள் இவள்? கதிரை எண்டுறன்! கதிரை!" என்று மாமி கத்தினார். மாமி கத்தக் கத்த அவள் இன்னும் பலமாகத் தேய்த்தாள். அவர்கள் பாஷையில் அந்தச் சொல் இடுப்பைக் குறிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் பாய்ந்து போய், யாரோ எழுந்த இருக்கையை இழுத்துக்கொண்டு வந்து மாமிக்குப் பின்னால் வைத்து, அதைத் தட்டிக் காட்டினேன்.

"ஆ! சீயா!" என்றாள் கடைக்காரி. பிறகு கூரை பறக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. கடைக்காரி சிரித்துச் சிரித்து நிலத்திலேயே இருந்துவிட்டாள். எனக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது. மாமி மட்டும் கதிரையில் நிமிர்ந்திருந்து, பொறுமையாக, "இந்த ஒரு சொல்லு மட்டும் உவைக்கு ஆரோ பிழையாச் சொல்லிக் குடுத்திருக்கினம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனால் இடுப்புக்குச் சுகமாத்தான் கிடக்கு. லண்டன் குளிரிலை பிடிச்ச நோ" என்றும் சொன்னார்.

அதோடு அந்தக் கடை எங்கள் கடையாகிவிட்டது. கடைக்காரி எங்களுக்கு உருளைக்கிழங்கு சூப் ஊற்றினாள். மேலே அவகாடோத் துண்டு. மாமி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "குசினி எங்கை?" என்றார். "கொசீனா?" என்று அவளும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். மாமி தன் கைப்பையிலிருந்து மிளகாய்த்தூள் போத்தலை எடுத்தார், அது இல்லாமல் அவர் எங்கும் போவதில்லை. ஒரு கரண்டி தூளைச் சூப்புக்குள் போட்டுக் கலக்கி, கடைக்காரிக்கு நீட்டினார். அவள் குடித்தாள். கண் சிவந்தது, மூக்கால் ஓடியது, இன்னொரு கரண்டி என்று விரலைக் காட்டினாள். மாமி அவளுடைய முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். எனக்குத் தெரிந்து, மூன்று வருடத்தில் வீட்டாரைத் தவிர மாமி தொட்ட முதல் ஆள் அவள்தான்.

மாதா இருக்கும் மலைக்குக் கடைக்காரிதான் டாக்சி பிடித்துத் தந்தாள். அந்த மலையின் பெயருக்குச் சின்னப் பாண் என்று அர்த்தமாம், டாக்சிக்காரன் கையால் உருட்டிக் காட்டி விளங்கப்படுத்தினான். "பாண் மலை" என்று மாமி திருப்திப்பட்டுக்கொண்டார். ஆனால் மலை ஏற ஏற எனக்கு மட்டும் சிரிப்பு வடிந்துவிட்டது. இவ்வளவு நேரமும் எதற்காக வந்தோம் என்பதை மறந்திருந்தேன். இனி மாமி வழித்துணை கேட்பார். கேட்டுவிட்டால் போய்விடுவார். மாமி சொன்ன சொல் மாறுகிற ஆள் இல்லை.

உச்சியில் காற்று ஆளைத் தூக்கியது. மாதா ஒரு மாடி வீட்டைவிட எவ்வளவோ உயரம். வெள்ளி நிறம். காலடியில் பாம்பு, அதைக் கட்டிய சங்கிலி கையில். படத்தில் தெரியாத ஒன்று, மாதாவின் உடம்பு ஆடுகிற பெண்ணின் உடம்பு மாதிரி வளைந்திருந்தது. விரித்த செட்டை இரண்டும் இப்போதே எழும்பப்போகிற மாதிரி நின்றன. கீழே நகரம் முழுக்க வெயிலில் கிடந்தது.

மாமி சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது. நானும் பக்கத்தில் நின்று கண்ணை மூடினேன். 'மாதாவே, இந்த மனுசி என்ன கேட்டாலும் தயவுசெய்து குடுத்திடாதை' என்று மன்றாடினேன். ஒரே மாதாவிடம் ஒரே நேரத்தில் வழக்காளியும் எதிராளியும் மனுக் கொடுத்தோம். மாமி நெடுநேரம் நின்றார்.

கடைசியில் திரும்பினார்.

"கேட்டீங்களோ மாமி?" என்று கேட்டேன்.

"இல்லை."

"ஏன்?"

"கேட்டால் தந்திடுவா எண்டு பயமாக் கிடந்தது" என்றார் மாமி.

காற்றில் பறந்த தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "வா, தம்பிக்குப் போன் எடுப்பம்" என்று முன்னால் நடந்தார். அந்தக் கணத்தில் எனக்கு வந்த தலைச்சுற்றை எந்த மலையும் தந்திருக்காது. மாமியைக் கட்டிப்பிடித்தேன். "விடடி, விழப்போறம்" என்றார். விடவில்லை. சரிவில் இரண்டு பேருமாகத் தடுமாறினோம், டாக்சிக்காரன் ஓடிவந்து பிடித்தான்.

மலையடியில் ஒரு தொலைபேசி நிலையம் இருந்தது. மரக்கூண்டுக்குள் மாமியும் நானும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். நான் எண்ணை அழுத்தி, இவர் குரல் கேட்டதும் மாமியிடம் கொடுத்தேன். இவர் பேசியது எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"தம்பி, நான் நிக்கிறன்" என்றார் மாமி.

எங்கள் பேச்சில் நிற்பதென்றால் காலால் நிற்பதும்தான், ஓரிடத்தில் தங்கிவிடுவதும்தான். இவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நிக்கிறீங்களோ? என்னம்மா சொல்லுறீங்கள்? அங்கை கீற்றோவிலையோ? உங்கை ஆரைத் தெரியும் உங்களுக்கு? அவள் எங்கை? அவளிட்டைக் குடுங்கோ போனை!"

"விசரா" என்றார் மாமி. "கீற்றோவிலை ஏன் நிக்கிறன்? உன்னோடைதான். வீட்டிலை."

மற்றப் பக்கத்திலிருந்து, "அம்மா" என்று ஒரே ஒரு தரம் கேட்டது. அதற்குப் பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் வந்தது. மாமி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவர் போல, "சாப்பிட்டியோ?" என்று கேட்டார்.